கிளீனர் பக்கத்துக் கண்ணாடி

எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் ஒரு லாரி நிற்கிறது. அனந்தபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால் யாரும் தெருப்பேர் சொல்ல மாட்டார்கள். "லாரி நிக்குது பாரு, அந்த வூடு" என்பார்கள். 2009இல் அப்பா கடைசியாக ஓட்டிவந்து நிறுத்தியது. அதற்குப் பிறகு கோழிகள் டிரைவர் சீட்டில் முட்டை வைத்தன. ஒரு மழைக்காலத்தில் பீர்க்கங்கொடி ஸ்டியரிங்கைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறியது. அம்மா அதில் காய் பறித்துக் கூட்டு வைத்தாள்.

மூன்று வருஷமாக, சென்னையிலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம், நானும் அப்பாவும் அந்த லாரியைச் சரிசெய்துகொண்டிருக்கிறோம். இன்ஜின் ஓடுகிறது. டிங்கரிங் முடிந்தது. பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே ஆரஞ்சும் பச்சையுமாகப் பெயின்ட் அடித்தாகிவிட்டது. பாக்கி இருந்தது கண்ணாடி மட்டும்தான். வருகிற ஆயுதபூஜைக்குள் மாட்டிவிட வேண்டும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். பூஜைக்குக் கண்ணாடியில்தானே சந்தனம் தடவிக் குங்குமம் வைப்பார்கள்.

பெயின்ட் காய்ந்த அன்று பக்கத்து வீட்டுத் தாத்தா வந்து சுற்றிப் பார்த்தார். "எல்லாம் நல்லாத்தான்டா கீது. ஆனா முழி இல்லாத மூஞ்சாட்டம் இருக்கே" என்றார். நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. பெயின்ட் டப்பாவை மூடி வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். வெயிலில் நின்றதில் அலுப்பு போல என்று நினைத்துக்கொண்டேன்.

*

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1983 மாடல் டாட்டா 1210. அப்பா அதை இரண்டாம் கையாக 1991இல் வாங்கினார். எங்கள் பக்கத்துப் பழைய டிரைவர்கள் டாட்டா லாரியை இன்றும் "பென்ஸ் வண்டி" என்றுதான் சொல்வார்கள். காரணம் இருக்கிறது. 1954இல் டெல்கோ கம்பெனி ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸோடு சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி தயாரிக்க ஆரம்பித்தது. ஒப்பந்தம் 1969இல் முடிந்தது. லாரி மூக்கிலிருந்த மூன்று முனை நட்சத்திரம் போய்விட்டது, பேர் மட்டும் ஆட்கள் வாயில் தங்கிவிட்டது. அப்பா வாங்கியது அதற்கெல்லாம் பிறகு வந்த வண்டி. ஆனாலும் அவருக்கு அது பென்ஸ்தான்.

அந்தக் காலத்தில் கம்பெனியிலிருந்து வருவது சேஸிஸும் முன்முகப்பும்தான். கூரை, கதவு, பின்னால் இருக்கிற பாடி எல்லாம் நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி மாதிரி ஊர்களில் பட்டறைக்காரர்கள் கட்டுவார்கள். அதனால் ஒரே மாடல் வண்டி இரண்டு இருந்தால் இரண்டும் ஒரே அளவில் இருக்காது. எங்கள் வண்டியிலேயே இடது கதவும் வலது கதவும் அரை இஞ்ச் வித்தியாசம். பழைய காரைச் சரிசெய்கிறவர்கள் இணையத்தில் அளவு தேடுவார்கள். எங்களுக்கு அளவு வண்டியிலேயே இருந்தது, அப்பா நினைப்பில் இருந்தது. வேறெங்கும் கிடையாது.

"எதுக்குடா இந்த வேல?" என்று கேட்காத ஆள் இல்லை. பதில் சொல்வது சிரமம். சட்டப்படி இந்த லாரி எதிலும் சேராது. 2021இல் பழைய வண்டிகளுக்கென்று மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. 50 வருஷத்துக்கு மேலான, சொந்த உபயோக இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்குத்தான் அது. வாடகைக்கு ஓடிய சரக்கு லாரிக்கு அதில் இடமில்லை. எஃப்.சி. எடுத்துத் திரும்ப ஓட்டலாம் என்றால் அதற்கு ஆகிற செலவில் வேறு வண்டியே வாங்கிவிடலாம். ஆக, இது ரோட்டுக்குப் போகாது. எங்கள் மனைக்குள் பத்தடி முன்னால், பத்தடி பின்னால். அவ்வளவுதான் இதன் பயணம்.

"சும்மா நிக்கிற வண்டி" என்கிற அந்த வார்த்தையை நானும் சொல்ல ஆரம்பித்திருந்தேன். அதுதான் பின்னால் வினையானது.

*

இப்போது வருகிற லாரிகளின் முன்கண்ணாடி ஒரே துண்டு, வளைந்து இருக்கும். கம்பெனி வார்ப்பில் வந்தால்தான் பொருந்தும். எங்கள் வண்டியில் அப்படியில்லை. நடுவில் ஒரு இரும்புத் தூண், அதற்கு இந்தப் பக்கம் ஒரு கண்ணாடி, அந்தப் பக்கம் ஒன்று. இரண்டும் தட்டை. தட்டைக் கண்ணாடி என்பதால் உள்ளூரிலேயே வெட்டிக்கொள்ளலாம். பழைய லாரி வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய வசதி. பெரிய ஆபத்தும் இதிலேதான் இருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது.

கண்ணாடி மாட்டுவது என்றால் கண்ணாடியிலிருந்து தொடங்கக்கூடாது. தகர விளிம்பிலிருந்து தொடங்க வேண்டும். முகப்பில் வெட்டியிருக்கிற ஓட்டையைச் சுற்றி ஒரு மெல்லிய தகர உதடு ஓடும். ரப்பர் பீடிங் உட்கார்வது அதன்மேல்தான். பீடிங்கைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் இரண்டு பள்ளம் தெரியும். ஒன்றில் கண்ணாடி உட்காரும், இன்னொன்றில் தகரம் உட்காரும். இருபது, முப்பது வருஷம் ஓடிய வண்டியில் பழைய பீடிங்கை உரித்தால் அடியில் அந்த உதடு துரு ஏறிக் கரும்பு சக்கை மாதிரி உதிரும். தண்ணீர் நின்று நின்று கீழ் மூலைகள்தான் முதலில் போகும். எங்களுக்கும் அப்படித்தான். டிங்கர் அண்ணன் கெட்ட தகரத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதுசு வைத்து வெல்டிங் அடித்துக்கொடுத்தார்.

பிறகு அட்டை. பழைய பிரிட்ஜ் பெட்டி அட்டையை ஓட்டையில் வைத்து, உள்ளேயிருந்து பென்சிலால் கோடு இழுத்து வெட்டினோம். அப்பா நாடா வைத்து அளக்கவில்லை. அட்டையை வைப்பார், எடுப்பார், "ஒரு நூல் கொற" என்பார். எட்டில் ஒரு இஞ்ச் ஒரு நூல். ரப்பரின் கனத்துக்கு இடம் விட்டுக் கண்ணாடி கொஞ்சம் சின்னதாகத்தான் இருக்க வேண்டும். ரொம்பச் சின்னதாகிவிட்டால் ஒழுகும், பெரிதாகிவிட்டால் வெடிக்கும். அட்டையில் "டி" என்றும் "கி" என்றும் எழுதி வைத்தார். டிரைவர் பக்கம், கிளீனர் பக்கம்.

இரண்டு அட்டையையும் சுருட்டாமல் கையில் பிடித்துக்கொண்டு செஞ்சிக்குப் பஸ் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கட்சி பேனரா என்று கேட்டார்.

செஞ்சியில் கண்ணாடிக் கடைக்காரர் அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அஞ்சு எம்.எம். சாதா கண்ணாடி போட்டுக்கலாம் தம்பி. ரெண்டும் சேத்து ஆயிரத்துக்குள்ள முடிச்சிடலாம்."

"லேமினேட் இல்லையா?"

"விழுப்புரத்துல சொல்லித்தான் வரணும். நாலு மடங்கு ஆவும். வண்டி ரோட்டுக்குப் போவுதா?"

"இல்ல. சும்மா நிக்கிற வண்டி."

அவர் வெளியே ராஜகிரி மலைப் பக்கம் கையைக் காட்டினார். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியக் கோட்டைகளை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது, பன்னிரண்டு கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருந்தது செஞ்சி மட்டும்தான். அதிலிருந்து ஊரில் எல்லோருக்கும் கோட்டை பேச்சில் வந்துவிடும். "அவ்ளோ பெரிய கோட்டைக்கே ஒரு ஜன்னல்ல கண்ணாடி கெடையாது. உன் லாரிக்கு எதுக்கு லேமினேட்டு?"

சிரித்துக்கொண்டே திரும்பி வந்தேன். பஸ்ஸிலேயே ஒரு யோசனை வந்துவிட்டது. டிரைவர் பக்கத்துக்கு மட்டும் லேமினேட், கிளீனர் பக்கத்துக்குச் சாதா. பார்ப்பதற்கு ஒன்றும் தெரியாது. மிச்சப்படுகிற காசில் கதவுக் கண்ணாடிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடலாம். என் புத்திசாலித்தனத்தை ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன்.

அப்பா தட்டைத் தள்ளிவிட்டார். எனக்கு விவரம் தெரிந்து அவர் சோற்றுத் தட்டைத் தள்ளி நான் பார்த்ததில்லை.

"போட்டா ரெண்டு பக்கமும் ஒரே கண்ணாடி போடு. இல்லன்னா ரெண்டும் காலியா கெடக்கட்டும். இன்னொரு வாட்டி இந்தப் பேச்சு எடுத்த, வண்டிய எடைக்குப் போட்டுடுவேன்."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது என்னைப் பார்த்து வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டினாள்.

*

விழுப்புரத்தில் லேமினேட் சொல்லி, வெட்டும்போது நானும் போய் நின்றேன். சாதா கண்ணாடியை வெட்டுவது சுலபம். வைரமுனையால் ஒரு கோடு, ஒரு தட்டு. லேமினேட் அப்படியில்லை. மூன்று மில்லிமீட்டர் கண்ணாடி இரண்டு, நடுவில் முக்கால் மில்லிமீட்டர் பிளாஸ்டிக் படலம். மேலே ஒரு கோடு போட்டு உடைக்க வேண்டும், திருப்பிப் போட்டுக் கீழேயும் ஒரு கோடு போட்டு உடைக்க வேண்டும். இரண்டும் உடைந்த பிறகும் துண்டு பிரிந்து வராது. படலம் விடாது. கடைப் பையன் கோட்டின்மேல் ஸ்பிரிட் ஊற்றி நெருப்பு வைத்தான். நீல ஜுவாலை கோட்டோடு ஓடியது. படலம் இளகியதும் பிளேடை விட்டு அறுத்தான்.

நான் வாங்கியது என்ன என்று அப்போதுதான் ஒழுங்காகத் தெரிந்துகொண்டேன். கண்ணாடி மூன்று விதமாக உடையும். வீட்டு ஜன்னல் கண்ணாடி கத்தி கத்தியாக உடையும். பதப்படுத்திய கண்ணாடி, கடைக்காரர்கள் டஃபன்ட் என்பது, அறுநூறு டிகிரிக்கு மேல் காய்ச்சிக் காற்றடித்துச் சட்டென்று குளிரவைத்தது. உடைந்தால் கல்கண்டு கல்கண்டாகக் கொட்டும். அதை ஒருமுறை பதப்படுத்திவிட்டால் பிறகு வெட்டவே முடியாது. லேமினேட் உடைந்தால் கொட்டாது. படலம் பிடித்துக்கொள்ளும். இதற்கு வழிகாட்டியது பெனடிக்டஸ் என்ற பிரெஞ்சுக்காரரின் ஆய்வுக்கூடத்தில் 1903இல் கீழே விழுந்த ஒரு கண்ணாடிக் குடுவை. குடுவை உடைந்தது, ஆனால் சிதறவில்லை. உள்ளே முன்பு வைத்திருந்த மருந்து காய்ந்து மெல்லிய தோலாக ஒட்டியிருந்தது. 1909இல் அவர் காப்புரிமை வாங்கினார். இன்று நம் மோட்டார் வாகன விதிகளில் 100ஆம் விதி முன்கண்ணாடி லேமினேட்டாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது. அதில் டிரைவர் பக்கம், கிளீனர் பக்கம் என்று எதுவும் இல்லை.

கண்ணாடி வீட்டுக்கு வந்த அடுத்த ஞாயிறு மாட்ட உட்கார்ந்தோம். முறை இதுதான். பீடிங்கை முதலில் கண்ணாடியைச் சுற்றி மாட்ட வேண்டும். தகரம் உட்கார வேண்டிய பள்ளத்தில் ஒரு நைலான் கயிற்றைச் சுற்றிலும் செருகி, இரண்டு முனையையும் கீழே நடுவில் ஒன்றன்மேல் ஒன்று போகவிட்டு, உள்பக்கம் தொங்கவிட வேண்டும். சோப்புத் தண்ணீரைத் தாராளமாகத் தடவ வேண்டும். வெளியே ஒருவர் கண்ணாடியை ஓட்டையில் வைத்து அழுத்திக்கொண்டிருப்பார். உள்ளே இருப்பவர் கயிற்றை மெதுவாக இழுப்பார். கயிறு வெளியே வர வர ரப்பரின் உதடு தகரத்தைத் தாண்டி உள்ளே வந்து விழும். வீடியோவில் பார்த்தால் ஐந்து நிமிஷ வேலை.

அப்பா உள்ளே, நான் வெளியே. கிளீனர் பக்கத்திலிருந்து ஆரம்பித்தோம். கீழ்ப்பக்கம் ஒழுங்காக வந்தது. இடது மூலையில் ரப்பர் நின்றுவிட்டது. அப்பா உள்ளேயிருந்து ஏதோ சொன்னார். கண்ணாடி குறுக்கே இருந்ததால் காதில் விழவில்லை. இன்னும் அழுத்தச் சொல்கிறார் என்று நினைத்து உள்ளங்கையை வைத்து ஓங்கி அழுத்தினேன்.

'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். மூலையிலிருந்து ஒரு கோடு புறப்பட்டுக் கண்ணாடி நடுவில் வளைந்து மேலே போய் நின்றது.

வெல்டிங் அடித்த இடத்தில் அரிசி அளவு ஒரு மேடு. அதை அரத்தால் தேய்த்து எடுக்காமல் பெயின்ட் அடித்துவிட்டேன். கண்ணாடிக்கு நடுவில் அடி தாங்குகிற பலம் விளிம்பில் இல்லை. அந்த அரிசி போதும். அப்பா உள்ளேயிருந்து சொன்னது "நிறுத்து" என்பது.

திட்டப்போகிறார் என்று நின்றேன். அவர் இறங்கவில்லை. கிளீனர் சீட்டில் உட்கார்ந்தபடி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்பக்கத்திலிருந்து விரலால் அந்தக் கோட்டை மெதுவாகத் தடவினார். நான் பதறி, "அப்பா, கை" என்றேன்.

"வெட்டல" என்றார். "ஒடஞ்சும் நின்னுக்கினு கீது பாரு."

அதற்குப் பிறகுதான் சொன்னார்.

*

"உங்க சின்ன மாமனுக்குக் கண்ணு போனது எப்பிடின்னு தெரியுமா?"

சின்ன மாமா அம்மாவின் தம்பி. வலது கண் தெரியாது. எனக்குக் காது குத்தியபோது அவர் மடியில்தான் உட்காரவைத்தார்கள். அந்தப் போட்டோவில் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார். சின்ன வயதில் அதை ஸ்டைல் என்று நினைத்தேன். விளையாடும்போது அடிபட்டது என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள். கல்யாணம், சாவு என்றால் வருவார். அப்பா திண்ணையில் இருந்தால் அவர் தோட்டத்துப் பக்கம் இருப்பார். இருவரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. பேசியும் பார்த்ததில்லை.

"1994. அவன்தான் நம்ம வண்டிக்குக் கிளீனர். பத்தொம்பது வயசு. மல்லாட்ட லோடு ஏத்திக்கினு பெங்களூரு போறோம். ஊத்தங்கர தாண்டியாச்சி. ராத்திரி ரெண்டு ரெண்டர இருக்கும். எதுர்ல ஜல்லி லோடு வண்டி ஒண்ணு தார்ப்பா கட்டாம வருது. பள்ளத்துல எறங்கி ஏறிச்சி. ஒரு கல்லு. இத்தினிக்கூண்டு கல்லு."

கட்டைவிரல் நுனியைக் காட்டினார்.

"அதுக்கு ஒரு மாசம் முன்னால கிளீனர் பக்கத்துக் கண்ணாடி விரிசல் வுட்டுப்போச்சி. டியூ கட்டணும், டயர் மாத்தணும். கையில காசு இல்ல. டிரைவர் பக்கம் நல்ல கண்ணாடி. அது இருந்தா போதும்னு கிளீனர் பக்கத்துக்கு வூட்டு ஜன்னலுக்குப் போடுற கண்ணாடிய வெட்டிப் போட்டேன். எவனுக்குத் தெரியப்போவுதுன்னு. அந்தக் கண்ணாடிய அவன்தான் மடியில வச்சிக்கினு பஸ்ல எடுத்தாந்தான், ஒடையாம."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. வேப்பமரத்தில் காக்கை கத்திக்கொண்டிருந்தது.

"அவன் தூங்கக்கூட இல்ல. எனக்குத் தூக்கம் வரக்கூடாதுன்னு பாட்டுப் பாடிக்கினு வந்தான்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "உங்களுக்கு என்னப்பா தெரியும்" என்று தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டேன். அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. எனக்கும் தெரிந்துதான் இருந்தது. முப்பது வருஷம் கழித்து, கையில் காசு இருந்தும், விழுப்புரத்தில் நல்ல கண்ணாடி கிடைத்தும், நானும் அதே கணக்கைத்தானே பஸ்ஸில் போட்டுக்கொண்டு வந்தேன். அவருக்காவது டியூ இருந்தது.

*

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. லாரியைச் சரிசெய்கிறேன் என்று மூன்று வருஷமாக அந்த கேபினுக்குள் இருந்திருக்கிறேன். நான் சரிசெய்ததெல்லாம் டிரைவர் பக்கம்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. ஸ்டியரிங், மீட்டர், ஹாரன், டிரைவர் சீட்டுக்குப் புது ரெக்சின். கிளீனர் பக்கம் இருந்தது ஒரு பலகை. அதன்மேல் பழைய மெத்தை. "ஒரிஜினலா அப்படித்தான் இருந்துச்சி" என்று நானே பெருமையாகப் படம் எடுத்துப் போட்டிருந்தேன்.

பழைய லாரியில் கிளீனர் பக்கத்து வைப்பர் ஓடியதை யாரும் பெரிதாகப் பார்த்திருக்க மாட்டார்கள். மழை பெய்தால் டிரைவர் பக்கம் மட்டும் அரைவட்டம் தெளிவாகத் தெரியும். அதுவும் ஓடாவிட்டால் கிளீனர்தான் இறங்கிப் பீடித்தூளை நனைத்து டிரைவர் பக்கத்துக் கண்ணாடியில் தேய்த்துவிட்டு வருவான். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று தட்டுவது, பஞ்சர் ஆனால் ஜாக்கி போடுவது, ராத்திரி டிரைவர் தூங்கும்போது லோடுக்குக் காவல் இருப்பது, ஸ்டவ்வில் சோறு ஆக்குவது எல்லாம் அவன்தான். எல்லா கிளீனரும் டிரைவர் ஆகும் ஆசையில்தான் ஏறுகிறார்கள். மாமாவும் ஹெவி லைசென்ஸ் எடுப்பதற்காகத்தான் ஏறினாராம். அது அந்த ராத்திரியோடு முடிந்தது.

1923ஆம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் ஒரு அட்டவணை இருந்தது. எந்த உறுப்பு போனால் சம்பாதிக்கும் சக்தியில் எவ்வளவு போனதாகக் கணக்கு என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். மற்றக் கண் நன்றாக இருந்து ஒரு கண்ணை இழந்தால் 40 சதவீதம். கண்விழி இருந்து பார்வை மட்டும் போனால் 30. போனில் அதைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். மாமாவுக்கு அதில் ஒரு சதவீதமும் வரவில்லை. அக்கா புருஷன்மேல் யார் கேஸ் போடுவார்கள்? ஆஸ்பத்திரிச் செலவை அப்பா பார்த்துக்கொண்டார். பிறகு ஒரு கறவை மாடு வாங்கிக் கொடுத்தாராம். அதோடு அந்தப் பேச்சு குடும்பத்தில் மூடப்பட்டது. விளையாடும்போது அடிபட்டது என்ற கதை யார் கட்டியது என்று அம்மாவிடம் கேட்டேன்.

"அவனேதான்டா" என்றாள். "நீ வயித்துல இருந்த. கொழந்த கேட்டா மாமான்னு பயப்படக்கூடாது, அப்பாவையும் தப்பா நெனைக்கக்கூடாதுன்னான்."

*

மறுபடி ஒரு கண்ணாடி வெட்டி வந்தது. இரண்டு வாரம் ஆனது. இந்த முறை தகர உதடு முழுக்க அரம் போட்டு, விரல் வைத்துச் சுற்றி வந்து, தடுக்காதபடி தேய்த்தேன். ரப்பரை வெயிலில் போட்டு இளக வைத்தேன். சனிக்கிழமை காலையில் எல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு அப்பாவைக் கூப்பிட்டேன்.

"இரு" என்றார். "ஒரு ஆளு வரணும்."

பத்து மணிக்கு மேல் டி.வி.எஸ். ஃபிப்டி சத்தம் கேட்டது. சின்ன மாமா. வண்டியை வேலியோரம் நிறுத்திவிட்டு லாரியைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றார். அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். அப்பாதான் போன் செய்து கூப்பிட்டாராம். என்ன பேசினார், எப்படிக் கூப்பிட்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மாமா லாரியைச் சுற்றி வந்தார். திண்ணையில் சாக்கின்மேல் சாய்த்து வைத்திருந்த இரண்டு கண்ணாடிகளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். டிரைவர் பக்கத்துக் கண்ணாடியின் விளிம்பில் கட்டைவிரல் நகத்தை வைத்து மெதுவாக இழுத்தார். லேமினேட் என்றால் விளிம்பின் நடுவில் படலம் ஒரு கோடாக ஓடும். நகத்துக்குத் தட்டுப்படும். பிறகு கிளீனர் பக்கத்துக் கண்ணாடியை எடுத்து அதன் விளிம்பிலும் அதேபோல நகத்தை இழுத்தார். நாலு பக்கமும்.

"ரெண்டும் ஒண்ணுதானா?" என்றார்.

"ஒண்ணுதான்டா மச்சான்" என்றார் அப்பா.

மாமா தலையாட்டிவிட்டு எழுந்தார். "எங்க, கயிற எடு."

அதற்குப் பிறகு வேலை மாமாவுடையது. நைலான் கயிற்றைப் பார்த்துவிட்டு, "இது ரப்பர அறுக்கும், கொஞ்சம் மொத்தமா எடு" என்று தன் வண்டியில் பால்கேன் கட்டுகிற வழவழப்பான கயிற்றை அவிழ்த்து வந்தார். கயிற்றை நேராக நம் பக்கம் இழுக்கக்கூடாது, ஓட்டையின் நடுவைப் பார்த்துச் சாய்த்து இழுக்க வேண்டும். கீழே நடுவில் தொடங்கி இரண்டு மூலையையும் முடித்துவிட்டுத்தான் பக்கவாட்டில் ஏற வேண்டும். மேல்பக்கம் கடைசி. வெளியே இருப்பவன் ஒரே இடத்தில் அழுத்தக்கூடாது. கயிறு எங்கே வருகிறதோ அங்கே உள்ளங்கையால் குழந்தை முதுகைத் தட்டுகிற மாதிரி தட்ட வேண்டும். "பலம் வேணாம், பதம் வேணும்" என்றார்.

கிளீனர் பக்கத்துக்கு உள்ளே மாமா உட்கார்ந்தார். வெளியே அப்பா. நான் சோப்புத் தண்ணீர் வாளியோடு நின்றேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக இருவர் முகமும் ஒரு சாண் தூரத்தில் இருந்தன. பேசினால் கேட்காது. மாமா கயிற்றை இழுக்க இழுக்க அப்பாவின் கை அதைத் தொடர்ந்து போனது. மூலை வந்தபோது மாமா நிறுத்தினார். அப்பாவும் நிறுத்தினார். ரப்பரை விரலால் நெம்பி, கொஞ்சம் சோப்புத் தண்ணீர் விடச் சொல்லி எனக்கு ஜாடை காட்டி, மறுபடி இழுத்தார். மூலை 'சளக்' என்று உட்கார்ந்தது. இடது பக்கம், வலது பக்கம், மேலே. கடைசி அடிக் கயிறு கையோடு வந்தபோது கண்ணாடி முழுதாக உட்கார்ந்திருந்தது. ஏழெட்டு நிமிஷம் ஆகியிருக்கும்.

அப்பா கையை எடுக்கவில்லை. நனைந்த உள்ளங்கை இரண்டும் கண்ணாடியிலேயே இருந்தன.

"வுடு மாமா, ஒக்காந்துடுச்சி" என்று மாமா உள்ளேயிருந்து கத்தினார். அது எனக்கே கேட்டது.

டிரைவர் பக்கத்தை நானும் மாமாவும் மாட்டினோம். மத்தியானம் அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். இருவரும் திண்ணையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எருமை விலை பேசினார்கள். நான் எதிர்பார்த்த பேச்சு எதுவும் நடக்கவில்லை. மன்னிப்பு என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை. எனக்கு அது குறையாகத்தான் இருந்தது. இப்போதும் இருக்கிறது. 30 வருஷத்துக்கு ஒரு கயிறும் வாளித் தண்ணீரும் போதுமா என்று அவ்வப்போது தோன்றும். போதுமா என்று சொல்ல வேண்டியவர் மாமா. அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் ஓஸ் பைப் போட்டு இரண்டு கண்ணாடிமேலும் தண்ணீர் அடித்தேன். உள்ளே பழைய பேப்பர் விரித்திருந்தோம். நனைந்தால் தெரியும். டிரைவர் பக்கம் ஒரு மூலையில் பேப்பர் நனைந்தது. கிளீனர் பக்கம் காய்ந்தே இருந்தது. மாமா அதைக் காட்டிச் சிரித்தார். "உன் வேலதான் ஒழுவுது" என்றார் என்னிடம்.

ஆயுதபூஜை அன்று மாமா அத்தையோடு வந்தார். அம்மா இரண்டு கண்ணாடியிலும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தாள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். அப்பா ஏறி ஸ்டார்ட் செய்தார். மாமாவை யாரும் கூப்பிடவில்லை. அவரே அந்தப் பக்கம் ஏறி, பலகைக்குப் பதிலாக நான் போட்டிருந்த புது சீட்டை ஒருமுறை கையால் அழுத்திப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். வண்டி பத்தடி முன்னால் வந்தது. எலுமிச்சம்பழம் நசுங்கியது. பத்தடி பின்னால் போனது. பின்னால் நின்று லாரியின் பக்கத்தைத் தட்டி ரிவர்ஸ் சொன்னது நான்.

உடைந்த அந்த முதல் கண்ணாடி இன்னும் கொட்டகையில் சாய்ந்திருக்கிறது. அம்மா தூக்கிப்போடச் சொல்கிறாள். அப்பா வேண்டாம் என்கிறார்.

கிளம்பும்போது மாமா டி.வி.எஸ். ஃபிப்டியை மிதித்துக்கொண்டே கேட்டார்: "கதவுக் கண்ணாடி எப்படா வருது?"

டஃபன்ட் என்பதால் வெட்டிப் பதப்படுத்தி வர நாளாகும், தீபாவளிக்கு முன்னால் வந்துவிடும் என்றேன்.

"வந்தா போன் பண்ணு. நீயே மாட்டிடாத" என்றார்.